காங்கேயம் – தாராபுரம் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை: 22 பேருடன் நம்பிப் போகலாமா?

நொய்யல்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் மூலனூருக்குப் பக்கம். மாதம் ஒருமுறையாவது ஊருக்குப் போய்வருவதால், வழியில் உள்ள ஓர் அசைவ உணவகத்தில் கடந்த ஓராண்டில் ஆறு முறை சாப்பிட்டிருக்கிறேன். பெயர் வேண்டாம், சிறிய கடை, பிழைத்துப் போகட்டும்.

முதல் முறை உண்ட பள்ளிபாளையம் சிக்கனை இன்னும் மறக்க முடியவில்லை. சின்ன வெங்காயம் கரைந்து கறியோடு ஒட்டியிருந்தது. விதை நீக்கிய வரமிளகாய் கருகாமல் சிவந்திருந்தது. ஓரம் மட்டும் பொன்னிறமான தேங்காய்ச் சில் கடித்ததும் நறுக்கென்றது. கேட்காமலேயே இரண்டாவது முறை ரசம் ஊற்றினார்கள். அடுத்த மாதம் அதே மேசையில் அதே பதார்த்தத்தைச் சொன்னேன். பெரிய வெங்காயத்தை நீளமாக அரிந்து, தக்காளி சேர்த்து, கரம் மசாலா வாசனையோடு வந்ததைப் பள்ளிபாளையம் என்று சொல்ல அந்த ஊர்க்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சோறு வந்து 20 நிமிடம் கழித்துத்தான் குழம்பு வந்தது. அதற்குள் இலையிலேயே சோறு விறைத்துவிட்டது. போதாததற்கு, பக்கத்து மேசைக்காரர் தின்ற இரண்டு ஆம்லெட்டும் என் பில்லில் ஏறியிருந்தது. இப்படி ஆறு முறையில் மூன்று நன்றாகவும் மூன்று மோசமாகவும் அமைந்தன.

வரும் ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோயிலில் பொங்கல் வைக்கிறோம். கிடா வெட்டு இல்லை. திரும்பும் வழியில் உறவினர் 22 பேருக்கு மதியச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும். அப்பாவுக்கு இந்தக் கடைதான் வேண்டுமாம். அவர் வந்த இரண்டு முறையும் நல்ல நாளாக அமைந்துவிட்டது. பெரியப்பாவோ ரசத்தில் உப்பு கூடினாலே பந்தியை விட்டு எழுந்துவிடுவார். நம்பிப் போகலாமா?

பழைய சப்ளையர்:

தம்பி, ஈரோட்டிலும் பெருந்துறையிலும் 11 ஆண்டுகள் சப்ளையராகவும், பிறகு கல்லாவிலும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் சாப்பிட்டது ஒரே கடையில்தான், ஆனால் இரண்டு பேருடைய சமையலை. சிறிய ஊர்க் கடைகளில் சரக்கு மாஸ்டர், அதாவது குழம்பும் வறுவலும் செய்கிற தலைமைச் சமையல்காரர், ஒருவர்தான் இருப்பார். அவர் கையளவுதான் கணக்கு. எழுதிவைத்த அளவு எதுவும் கிடையாது. அவர் ஒருநாள் வராவிட்டால், பரோட்டா போடுகிறவரோ காய் வெட்டுகிற பையனோ அடுப்பைப் பிடிப்பார். கைத்திறன் இல்லாதவர் முதலில் தேடுவது தக்காளியையும் மசாலாப் பொடியையும்தான், ஏனென்றால் அவை குறையை மறைத்துவிடும். பள்ளிபாளையம் சிக்கனிலோ ஒளிந்துகொள்ள இடமே இல்லை: வெங்காயம், மிளகாய், மஞ்சள், தேங்காய், எண்ணெய், அவ்வளவுதான்.

மாஸ்டர் எங்கே போகிறார் என்கிறீர்களா? முகூர்த்த நாளில் கல்யாணச் சமையலுக்குப் போனால் கடைச் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். முதலாளிக்கும் தெரியும், தடுக்க முடியாது. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டால் என்ன செய்வார்? உங்கள் மோசமான மூன்று நாட்களையும் நாட்காட்டியில் பாருங்கள், இரண்டாவது முகூர்த்தமாக இருக்கும்.

இன்னொரு காரணம் வெங்காய விலை. 2019 இறுதியில் சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, நான் இருந்த கடையில் முதலாளி ஒரு வார்த்தையும் சொல்லாமல் பல்லாரி, அதாவது பெரிய வெங்காய மூட்டையை இறக்கினார். பல்லாரியில் நீர் அதிகம். எவ்வளவு வதக்கினாலும் கறியோடு ஒட்டாமல் தனித்து நிற்கும்; இனிப்பும் ஏறிவிடும். உரிக்கும் கூலியும் மிச்சம் என்பதால், விலை இறங்கிய பிறகும் சில மாதம் அப்படியே ஓடியது. வழக்கமாக வருகிறவர்கள் பாதிப் பேர் நின்றுபோன பிறகுதான் மாற்றினோம்.

குழம்பு தாமதமானதற்குச் சப்ளையரைத் திட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு ஒருவரே எட்டு மேசை பார்ப்பார். 12.15 மணிக்கு உட்கார்ந்துவிட்டால் முதல் கொதியில் இறக்கிய குழம்பு கிடைக்கும். இரண்டு மணிக்குப் போனால் வெந்நீர் ஊற்றி நீட்டியதுதான். தேதியை ஆடிக் கடைசி ஞாயிறுக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மாஸ்டர் கடையில் இருப்பார்.

அமராவதிப் பாசனம்:

பழைய சப்ளையர் ஐயா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆடிக் கணக்கு மட்டும் எங்கள் தாராபுரம் பக்கத்துக்குப் பொருந்தாது. ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் கிடா விருந்து உண்டே! ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலிலும் ஞாயிறுதோறும் அண்டா ஏறுகிறது; அதற்குப் போவதும் இதே மாஸ்டர்கள்தான். தேதியை மாற்றினால் கோயில் பூசாரியிடமும் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். அதைவிட, நேரில் போய் அன்றைக்குச் சமைப்பது யார் என்று கேட்டு, அவரிடமே நான்கு பதார்த்தங்களை மட்டும் சொல்லி முன்பணம் கொடுப்பது நல்லது. பத்து வகை சொன்னால் பத்தும் சொதப்பும்.

கணக்குப்பிள்ளை:

பில்லை வாங்கியதும் படித்துப் பாருங்கள், ஆம்லெட்டுக்காக மட்டும் அல்ல. ஜிஎஸ்டி என்று ஐந்து சதவீதம் போட்டிருந்தால் மேலே ஜிஎஸ்டி எண் இருக்கவேண்டும். இணக்க வரித் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் 'காம்போசிஷன்' முறை) உள்ள கடை என்றால் அந்த வரியை உங்களிடம் தனியாக வசூலிக்கவே கூடாது. 2022 ஜனவரி முதல் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் பில்லில் இருக்கவேண்டும்.

நொய்யல்கரையான்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். தேதியை மாற்றவில்லை, நாட்காட்டியைப் பார்த்தால் அன்று முகூர்த்தமாகவும் இருந்தது. பத்து நாள் முன்பே நேரில் போனேன். முதலாளி கல்லாவிலிருந்தே, "அதெல்லாம் ஜமாய்ச்சுரலாமுங்க" என்றார். நான் விடாமல் உள்ளே போய் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே, கொடுமுடியில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பதாகச் சொன்னார். முதலாளியின் முகம் மாறியது. அவருக்கே அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது. முடிவில், முந்தைய இரவே மாஸ்டர் வெங்காயம் வதக்கிவைப்பது என்றும், கல்யாண வீட்டில் காலைப் பந்தியை மட்டும் முடித்துக்கொண்டு 11 மணிக்குத் திரும்புவது என்றும் பேசி முடித்தோம்.

அவர் திரும்பியது 11.40 மணிக்கு. நாங்கள் 12.30 மணிக்கு உட்கார்ந்தோம். சிக்கன் முதல் முறை சாப்பிட்டதற்கு ஒரு படி கீழே; ஆட்டுக்குழம்பு அதற்கு ஒரு படி மேலே. ரசம் மட்டும் கடைசி ஆறு இலைக்கு வரவில்லை, நல்லவேளையாகப் பெரியப்பா முதல் வரிசையில் இருந்தார். அவர் எழுந்திருக்கவில்லை, ரசத்தை இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார்.

பில்லைக் கணக்குப்பிள்ளை சொன்னபடி படித்துப் பார்த்தேன். எண்கள் எல்லாம் சரியாக இருந்தன. யாரும் கேட்காத இரண்டு ஆம்லெட் மட்டும் இம்முறையும் இருந்தது. சொன்னதும் கழித்துக் கொடுத்தார்கள்.