சூப்பர் டி.எச்.னு வந்த லூஸ் கார்: அசலா, சக்கரம் மாத்தினதா?

புது_சேகரம்:
ஒண்ணொண்ணா விக்கலாம்னு 35 லூஸ் (பாக்கெட் இல்லாத) ஹாட்வீல்ஸ் பொம்மைக் கார் மொத்தமா எடுத்தேன். மூணு சந்தேகம். சிவப்பு கார் ஒண்ணுல ரப்பர் டயர் இருக்கு, "சூப்பர் டிரெஷர் ஹன்ட்" (சூப்பர் டி.எச்., அபூர்வமா வர்ற ஸ்பெஷல் கார்)னு சொல்லி அதுக்குத் தனியா காசு வாங்கிட்டாங்க. அட்டை இல்ல, எப்படி உறுதி பண்றது? இன்னொண்ணுல அடியில 1982னு போட்டிருக்கு, விண்டேஜ்னு விலை ஏத்தலாமா? நாலஞ்சு காருக்குச் சக்கரம் கோணல், பிரிச்சு சரி பண்ணலாமா?

சின்னவண்டி_64:
ரப்பர் டயரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க ப்ரோ. கார் கல்ச்சர் மாதிரி ப்ரீமியம் வரிசையிலயும் ரப்பர் டயர்தான். அந்தச் சக்கரத்தைக் கழட்டி மெயின்லைன்ல (சாதா வரிசைக் கார்ல) மாட்டி விடுறதுதான் வழக்கமான ஏமாத்து.

முதல்ல அடிப்பக்கம் ரிவெட்டை (பாடியையும் அடிப்பாகத்தையும் பிடிச்சிருக்கிற ஆணித்தலையை) லென்ஸ்ல பாருங்க. துளை, ஸ்க்ரூ, பசை எது தெரிஞ்சாலும் பிரிச்ச கார். அடுத்து பெயின்ட். சூப்பர்ல வர்றது ஸ்பெக்ட்ராஃபிளேம்: பளபளக்குற உலோகத்து மேல கண்ணாடி மாதிரி கலர். டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா வெளிச்சம் கலருக்குள்ள இறங்கி, அடியில இருக்கிற உலோகம் மின்னும். சாதா பெயின்ட்ல வெளிச்சம் மேலயே நின்னுடும். மூணாவது, பாடியில டி.எச். எழுத்து. அசல்னா நேரா அச்சடிச்சது, நகத்துல தட்டாது. டெக்கால் (மெல்லிசு ஸ்டிக்கர்) ஒட்டியிருந்தா எழுத்தைச் சுத்தி மெல்லிசா ஒரு ஃபிலிம் ஓரம் தெரியும்.

வட்டத்துக்குள்ள தீப்பிழம்பு, சாதா பிளாஸ்டிக் சக்கரம்னா அது ரெகுலர் டி.எச். விலை ரொம்பக் கீழ.

புது_சேகரம்:
ரிவெட் நடுவுல துளை, உள்ள கறுப்பா பசை. எழுத்தோட ஓரமும் நகத்துல தட்டுது.

சின்னவண்டி_64:
அப்போ சந்தேகமே வேண்டாம். "கஸ்டம், சக்கரம் மாத்தினது"னு எழுதி, ரிவெட் போட்டோவையும் போட்டு வில்லுங்க. மறைச்சு வித்தா நாளைக்கு உங்க தலையிலதான் விடியும்.

அச்சும்_ஆணியும்:
1982 என்பது அந்த அச்சு வார்ப்புக்கான காப்புரிமை ஆண்டு, கார் செய்த ஆண்டு அல்ல. அதே அடிப்பாகத்தில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் தனியாகக் குத்தியிருக்கும். எழுத்து ஆண்டு, இலக்கம் வாரம். 2008-க்கு ஏ (A); அங்கிருந்து ஐ (I), ஓ (O) இரண்டையும் விட்டுவிட்டு எண்ணுங்கள். ஆர்14 (R14) என்றால் 2023-இன் 14-வது வாரம்.

கோணல் சக்கரம்: பெரும்பாலும் அச்சுக்கம்பிதான் வளைந்திருக்கும். காரைப் பிரிக்காமல், மெல்லிய மூக்குக் குறடால் கம்பியைப் பிடித்து கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். சக்கரத்தைப் பிடித்து இழுத்தால் கம்பியின் தலை பிளாஸ்டிக்கைக் கிழித்துவிடும். அதற்கும் சரியாகாத, விலை போகாத காரை மட்டும் பிரியுங்கள். ரிவெட் நடுவில் சென்டர் பஞ்ச் (கூர்முனைக் கம்பி) வைத்துத் தட்டிக் குழி போட்டு, 3 மி.மீ. டிரில் பிட்டால் தலையை மட்டும் மெதுவாகச் சீவுங்கள். மூடும்போது தூணில் (ரிவெட் தலைக்குக் கீழே பாடியோடு இருக்கும் கம்பம்) 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 டேப் (மரை வெட்டும் கருவி) ஓட்டி ஸ்க்ரூ போடலாம். அவசரப்பட்டால் தூண் விரிசல் விடும். பழைய பெயின்டை எடுக்க காஸ்டிக் சோடா வேண்டாம், பாடி துத்தநாகக் கலவை, அரித்துவிடும். அசிட்டோன் பட்டால் கண்ணாடி பிளாஸ்டிக் மங்கிவிடும்.

பாடி தானாக வெடித்து நொறுங்குகிறதா? அது கலவையில் ஈயம் கலந்ததால் வரும் கேடு. மருந்து கிடையாது, பக்கத்துக் காருக்குத் தொற்றவும் தொற்றாது.

பாக்கெட்_பார்த்தி:
விலை போடும்போது மற்றவர் கேட்கும் விலையைப் பார்க்காதீங்க, விற்று முடிந்த விலையைப் பாருங்க. பிரிக்காத புது பாக்கெட்டை எம்.ஆர்.பி.க்கு மேல சில்லறையில விக்கிறது சட்டப்படி தப்பு. "டிமாண்ட் இருக்கு"ங்கிறது பதில் ஆகாது.

அனுப்பும்போது முதல்ல டிஷ்யூ, அதுக்கு மேல பபுள் ராப். வெயில்ல பபுள் நேரா பெயின்ட்டுல பட்டா தடம் விழும். ரப்பர் டயர் காரை பிளாஸ்டிக் ஸ்டாண்டுல மாசக்கணக்கா நிறுத்தாதீங்க, டயர் இளகி ஒட்டிக்கும். அடியில ஒரு துண்டு காகிதம் வச்சா போதும்.