இழுவை லாரிக்கு எந்த பிரேக் பேட் போடலாம்?

பழுதான வண்டிகளை இழுக்கும் லாரி ஓட்டுகிறேன். நான்கு சக்கரத்திலும் டிஸ்க், ஹைட்ராலிக் பிரேக். போன வாரம் மலை இறக்கத்தில், பின்னால் ஒரு வேனோடு வரும்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விட்டது. எப்படியோ நிறுத்தினேன். முன் டிஸ்க்கில் நீலத் திட்டுகள், கருகிய வாடை. இருப்பது செராமிக் பேட். உலோகத் தூள் கலந்த செமி மெட்டாலிக் மாற்றலாமா? துளை போட்ட டிஸ்க் நல்லதா?

பதில் 1: கனரக இழுவைக்கென்றே வரும் செமி மெட்டாலிக் போடுங்கள். சத்தமும் தூசியும் கூடும், ஆனால் சூடு தாங்கும். துளை போட்டது வேண்டாம், துளையோரம் விரிசல் விடும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

பதில் 2: பெடல் பஞ்சானால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பேட் மட்டும் மாற்றினால் போதாது. டாட் 3 என்ற தர ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் சேர்ந்தால் 140 வரை இறங்கும். டாட் 4 புதிதில் 230. பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின்னையும் (pin) பாருங்கள்.

கேட்டவர்: கழற்றிப் பார்த்தேன். இடது பக்கக் காலிப்பர் பின் துருவேறி இறுகிவிட்டது. உள் பேட் தகடு வரை தேய்ந்திருக்கிறது, வெளிப் பேட் பாதி அப்படியே இருக்கிறது. ஆயில் காப்பி நிறம். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுகிறேன்.