ஃபோர்டின் 5.4 லிட்டர் மூன்று வால்வு எஞ்சினில் நீங்களே ஸ்பார்க் பிளக் மாற்றியதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

மிச்சிகன்வாசி:
2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்டு பிக்கப்புகளில் இருக்கும், சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட அந்த எஞ்சினில் பிளக்கைக் கழற்றும்போது அது உடையக்கூடும் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வண்டி ஒரு லட்சம் மைலைத் தாண்டியிருந்தது. பிளக்குகள் தொழிற்சாலையில் மாட்டியவையே. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்களைக் கழற்றி, பிளக் குழிகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ஒவ்வொரு பிளக்கையும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் தளர்த்தி, கார்பரேட்டர் கிளீனரைச் சிறிதளவு விட்டு ஊற வைத்தேன். முன்பக்கத்துப் பிளக்குகள் கிறீச்சிட்டுக்கொண்டே வந்துவிட்டன. ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஓட்டுநர் பகுதிக்கும் இடையிலுள்ள தடுப்பை) ஒட்டிய நான்காம் சிலிண்டரில் அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. திருப்பும் கருவியான ராட்செட் கனமே இல்லாமல் சுழன்றது. அந்தக் கணத்தை என் மணிக்கட்டு இன்னும் மறக்கவில்லை. கையில் வந்த பிளக் குட்டையாக இருந்தது. அதன் அடிக்குழாய் கரியில் இறுகி, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. குழாய்க்குள் மிஞ்சிய பிளக்கின் பீங்கானைக் கீழே தள்ளி, குழாயின் உட்புறம் மரை வெட்டிப் பிடித்து மேலே இழுக்கும் அந்தத் தனிக் கருவி இல்லையென்றால் ஹெட்டையே கழற்ற வேண்டியிருந்திருக்கும்.

நெடுஞ்சாலை:
உடைவதாவது வீட்டு வாசலில் நடக்கிறது. என்னுடையது அதற்கு முந்தைய இரண்டு வால்வு எஞ்சின். மேட்டுச் சாலையில் பாரத்தோடு ஏறும்போது வெடிபோல ஒரு சத்தம். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் படபடவென்று காற்று அடித்தது. ஹூடைத் திறந்தால், பிளக் மரையையும் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தது, காயில் ஒயரில் தொங்கியது. அந்த ஹெட்டில் பிளக்கைப் பிடித்திருப்பவை ஏறக்குறைய நான்கே மரைகள் என்பதை எல்லோரும் மனத்தில் வைக்க வேண்டும். ஆகவே இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்கக் கூடாது. எஞ்சின் சூடாக இருக்கும்போது கழற்றினால் கரி இளகிக் கொடுக்கும். புதிய பிளக்கின் மரையில் ஆன்டி-சீஸ் (உலோகங்கள் ஒட்டி இறுகாமல் தடுக்கும் பசை) தாராளமாகப் பூசுங்கள். அடுத்த முறை சிக்காது. காயிலின் அடியிலுள்ள ரப்பர் உறைக்குள் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவ மறக்காதீர்கள்.

ராட்செட்:
நெடுஞ்சாலை அவர்கள் சொன்னதில் இரண்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஹெட் அலுமினியம், சூட்டோடு திருப்பினால் மரை சேதமடையும் வாய்ப்பு கூடும் என்பதால்தான், எஞ்சின் அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே பிளக்கில் கை வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளரின் பணிக்குறிப்பே சொல்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஊற வைக்கச் சொல்வதும் அதுவே. நான் இரவு முழுவதும் விட்டேன், எட்டு பிளக்குகளும் முழுதாக வந்தன. அடுத்து, ஆன்டி-சீஸ். மூன்று வால்வு எஞ்சினில் நிக்கல் கலந்த பசையை அடிக்குழாயின் வெளிப்புறத்தில் மட்டும் மெல்லியதாகப் பூச வேண்டும். மரையில் படவே கூடாது. மரை வழுக்கினால் ரெஞ்ச் 25 பவுண்டு-அடி என்று காட்டும்போது உண்மையில் அதைவிட அதிகமாக இறுகியிருக்கும். நான்கு மரை உள்ள ஹெட்டை வைத்திருப்பவரே இதைப் பரிந்துரைப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. புதிதாக வாங்குவதென்றால், இரண்டு துண்டாக இணைத்த பழைய வடிவத்தை விட்டுவிட்டு ஒரே துண்டாகச் செய்ததை வாங்குங்கள்.

தச்சர்:
எனக்கு உடைந்தது குழாய் மட்டுமன்று, பீங்கானும்தான். எட்டாம் சிலிண்டரின் குழிக்குள் விளக்கடித்தபோது வெள்ளையாக ஒரு சில்லு பிஸ்டன் மேல் கிடந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் சிலிண்டர் சுவர் கீறிப்போகும். வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய ரப்பர் குழாயை டேப் சுற்றி இணைத்து, உறிஞ்சி எடுத்த சில்லுகளைக் காகிதத்தில் அடுக்கி, உடைந்த பீங்கானோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். ஒரு துண்டும் குறையவில்லை என்று தெரிந்த பிறகே புதிய பிளக்கை இறக்கினேன்.