விபி6-லிருந்து அழைத்தால் க்யூடி திரை திறக்கவில்லை, உதவி தேவை

அரியாங்குப்பத்தான்:
வணக்கம். கடலூர் சிப்காட் பக்கம் ஒரு எடைமேடைக்கு மென்பொருள் பார்த்துக் கொடுக்கிறேன். சீட்டு போடும் நிரல் பழைய விபி6-ல் (மைக்ரோசாஃப்ட் விஷுவல் பேசிக் 6) எழுதியது. அதை மாற்றி எழுத முதலாளிக்கு மனசில்லை, எனக்கும் தைரியமில்லை. அதனால் எடை காட்டும் திரையை மட்டும் சி++, க்யூடி 5.15-ல் (திரைகள் எழுத உதவும் நூலகம்) எழுதி, காம் (நிரல்கள் ஒன்றையொன்று கூப்பிட விண்டோஸ் தரும் வழி) டிஎல்எல்லாகப் பதிவு செய்து விபியிலிருந்து கூப்பிடுகிறேன். சீட்டு நிரலின் எக்ஸியை நேராக ஓட்டினால் எல்லாம் சரி. விபி ஐடிஇயில் (கோடு எழுதும் மென்பொருள்) எஃப்5 அடித்து ஓட்டினால் மட்டும், க்யூடி பிளாட்ஃபார்ம் பிளகின் (விண்டோஸில் திரை காட்ட க்யூடிக்கு வேண்டிய துணை டிஎல்எல்) எதையும் தொடங்க முடியவில்லை என்று ஒரு பெட்டி வருகிறது. ஓகே கொடுத்ததும் ஐடிஇயே மூடிக்கொள்கிறது, சேமிக்காத கோடு அத்தனையும் போச்சு. எல்லாம் 32 பிட்தான்.

வில்லியனூர் தேவ்:
டிஎல்எல்லைப் பதிவு செய்யும் ரெக்எஸ்விஆர்32 மறுபடி ஒருமுறை போட்டுப் பாருங்கள் ப்ரோ.

நெல்லிக்குப்பம்:
பதிவில் கோளாறு என்றால் விபி 429 (ஆப்ஜெக்டை உருவாக்க முடியவில்லை) என்று சொல்லி அங்கேயே நின்றிருக்கும். க்யூடி பெட்டி காட்டும் அளவுக்கு வந்திருக்கிறதே, டிஎல்எல் ஏறிவிட்டது. தம்பி, அந்தப் பிளகின் இருக்கும் பிளாட்ஃபார்ம்ஸ் ஃபோல்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

அரியாங்குப்பத்தான்:
டிஎல்எல்லும் சீட்டு எக்ஸியும் ஒரே ஃபோல்டர் அண்ணா. பிளாட்ஃபார்ம்ஸும் அதற்குள்தான். பக்கத்தில் இருக்கும் க்யூடி5கோர் (க்யூடியின் அடிப்படை டிஎல்எல்) கிடைக்கிறது, பிளகின் மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

நெல்லிக்குப்பம்:
இரண்டையும் தேடுவது வேறு வேறு ஆள். க்யூடி5கோரைத் தேடுவது விண்டோஸ். காம் ஒரு டிஎல்எல்லை ஏற்றும்போது, அதற்கு வேண்டிய மற்ற டிஎல்எல்களை அது இருக்கும் ஃபோல்டரிலேயே தேடச் சொல்லிவிடும். பிளகினைத் தேடுவது க்யூடி. வேறு இடம் சொல்லாவிட்டால் அது முக்கியமாக ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸியின் ஃபோல்டரைத்தான் பார்க்கும். ஐடிஇயில் எஃப்5 அடிக்கும்போது எக்ஸி எது? விபி6.எக்ஸி. அது விபி98 ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே ஏது பிளாட்ஃபார்ம்ஸ்? நாளைக்கு எக்ஸெலிலிருந்து கூப்பிட்டாலும் இதே கதைதான்.

விபி98-க்குள் காப்பி போட்டால் வேலை செய்யும், ஆனால் செய்யாதீர்கள். டிஎல்எல்மெயினில் (டிஎல்எல் ஏறும்போது விண்டோஸ் கூப்பிடும் ஃபங்ஷன்) வரும் ஹெச்இன்ஸ்டன்ஸை (டிஎல்எல்லின் அடையாளம்) வைத்துக்கொண்டு, கெட்மாட்யூல்ஃபைல்நேம் மூலம் உங்கள் டிஎல்எல்லின் பாதையை எடுங்கள். க்யூஅப்ளிகேஷன் (க்யூடியை இயக்கும் முதன்மை ஆப்ஜெக்ட்) உருவாக்குவதற்கு முன்னால் அந்த ஃபோல்டரை, பிளகின் தேடும் இடங்களில் சேர்க்கும் ஆட்லைப்ரரிபாத்தில் கொடுங்கள். பின்னால் கொடுத்தால் பிரயோஜனமில்லை, உருவாகும் நொடியிலேயே பிளகினைத் தேடி முடித்துவிடும். அப்படியும் வரவில்லை என்றால் க்யூடி_டீபக்_பிளகின்ஸ் என்ற சூழல் மாறியை 1 ஆக்கி, டீபக்வியூ என்ற கருவியில் பாருங்கள். எந்தெந்த ஃபோல்டரைத் துழாவியது என்று வரிசையாகக் கொட்டும்.

அப்புறம், க்யூடியின் மெசேஜ் லூப்பை (வரும் மெசேஜ்களை எடுத்துக் கொடுக்கும் சுற்று) ஓட்டும் எக்ஸெக்கை எங்காவது கூப்பிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கூப்பிட்டால் விபிக்குத் திரும்பி வராமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். மெசேஜ் லூப் விபியிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அரியாங்குப்பத்தான்:
ஐடிஇயில் திரை வந்துவிட்டது அண்ணா! எக்ஸெக் எங்கேயும் இல்லை. ஆனால் இப்போது வேறொன்று. எடைத் திரையை மூடி, ஆப்ஜெக்டை நத்திங் ஆக்கி விடுவித்த கொஞ்ச நேரத்தில் சி0000005 (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்ட பிழை) என்று எல்லாம் விழுகிறது. சீட்டு எக்ஸியிலும் அதேதான். லோடு லாரி மேடையில் நிற்கும்போது இப்படி ஆனால் டிரைவர் என்னைத்தான் திட்டுவார்.

நெல்லிக்குப்பம்:
டிஎல்எல்லை இறக்கலாமா என்று காம் கேட்கும் டிஎல்எல்கேன்அன்லோட்நவ், எஸ்_ஓகே (ஆம்) சொல்கிறதா? ஆப்ஜெக்ட் எண்ணிக்கை பூஜ்யமானதும் காம் டிஎல்எல்லை இறக்கிவிடும். ஆனால் க்யூஅப்ளிகேஷனும் அதன் மறைவான விண்டோவும் இன்னும் உயிரோடுதான். அந்த விண்டோவுக்கு அடுத்த மெசேஜ் வரும்போது, பதில் சொல்ல வேண்டிய கோடு நினைவகத்தில் இருக்காது. எப்போதும் எஸ்_ஃபால்ஸ் (இல்லை) திருப்புங்கள். கூடவே கெட்மாட்யூல்ஹேண்டில்இஎக்ஸில் பின் (pin) கொடி கொடுத்து டிஎல்எல்லைப் பிடித்து வையுங்கள். க்யூடிவின்மைக்ரேட் என்ற பழைய துணைத் தொகுப்பும் தன் டிஎல்எல்லை இன்னொரு முறை லோட் செய்துதான் இதைச் சமாளிக்கிறது. நெருக்கடிக்கு அதன் மூலநிரலைப் பாருங்கள், சின்னதுதான்.

அரியாங்குப்பத்தான்:
பின் போட்டாச்சு. திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தேன், அசையவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.

நெல்லிக்குப்பம்:
சரி தம்பி. இனி டிஎல்எல்லை மறுபடி பில்ட் செய்யும்போது விபி ஐடிஇயை மூடிவிட்டுச் செய்யுங்கள். பின் போட்டிருப்பதால் ஐடிஇ அதை விடாது, கோப்பைத் திறக்க முடியவில்லை என்று, பில்டில் டிஎல்எல்லை எழுதும் லிங்கர் கத்தும்.