வீட்டிலிருந்து வேலை + குரூப் 4 படிப்பு: ஹெட்ஃபோன் வாங்கினால் தீருமா?

வைகைக்கரை:
மதுரையில் இரண்டு அறை வீடு. காலை 9:30 முதல் மாலை 6:30 வரை வீட்டிலிருந்தே கம்பெனி வேலை. இரவு 7 முதல் 9:30 வரை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிப்பு. இரண்டரை மணி நேரம் உட்கார்ந்தாலும் உருப்படியாக ஒரு மணி நேரம் தேறுவதில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா பார்க்கும் சீரியல். பகலில் "மோட்டாரை நிறுத்து", "சிலிண்டர் வந்திருக்கு", "பையனைக் கொஞ்சம் பார்" என்று ஒன்று மாற்றி ஒன்று. சமச்சீர் புத்தக பிடிஎஃப், டெலிகிராம் தினத்தேர்வு, யூடியூப் கணக்கு வகுப்பு எல்லாம் ஃபோனில்தான் இருக்கிறது, அதை ஒதுக்கவும் வழியில்லை. இரைச்சல் குறைக்கும் ஹெட்ஃபோன் நாலாயிரம் ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா?

தாழ்ப்பாள்:
இப்பவே வாங்காதீங்க. முதல்ல மூணு நாள் மேஜை மேல ஒரு தாள் வைங்க. கவனம் கலையும்போதெல்லாம் நேரத்தைப் போட்டு ஒரு எழுத்து எழுதுங்க: சத்தம்னா 'ச', ஆள் கூப்பிட்டா 'ஆ', ஃபோன் அடிச்சா 'ஃ', ஒண்ணுமே நடக்காம நீங்களா ஃபோனை எடுத்தா 'நா'. நாலும் வேற வேற பழுது, மருந்தும் வேற வேற. 'நா' அதிகமா இருந்தா ஹெட்ஃபோன் ஒண்ணும் செய்யாது. அதுவும் ஃபோனோட இணைஞ்சதுதானே, பாட்டு மாத்தறேன்னு கை மறுபடி அங்கதான் போகும்.

படிக்க ஃபோன் வேணும்ங்கறது பாதிதான் உண்மை. 6 முதல் 10 வரை தமிழ், சமூக அறிவியல் புத்தகங்களைப் பழைய புத்தகக் கடையில வாங்கிடுங்க. கிடைக்காத பாடத்தை மட்டும் ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் பண்ணுங்க. தினத்தேர்வுக் கேள்வியை 6:45க்குத் திறந்து பேப்பர்ல குறிச்சுக்கிட்டா டெலிகிராம் வேலை முடிஞ்சது. மேஜைக்கு ஒரு சாதா கடிகாரம் வாங்குங்க. மணி பார்க்க எடுத்த ஃபோன்தான் அரை மணி நேரத்தை முழுங்கும். கால்குலேட்டருக்காகவும் ஃபோன் வேண்டாம், தேர்வு ஹால்ல அது கிடையாது.

மிச்சம் யூடியூப்தான். ஆப் டைமர் வைக்காதீங்க. ஒரு நாளுக்கு இத்தனை நிமிஷம்னு அது மொத்தமா எண்ணும், கணக்கு வகுப்பு எது காமெடி எதுன்னு அதுக்குத் தெரியாது. வகுப்பு பாதியில நின்னா நீங்களே டைமரை எடுத்துடுவீங்க, அதோட கதை முடிஞ்சது. அதுக்குப் பதிலா அமைப்புகள்ல வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்திட்டு, பழைய ஹிஸ்டரியையும் அழிச்சிடுங்க. பழசை அழிக்காம நிறுத்தினா மட்டும் போதாது. ரெண்டும் செஞ்சா முகப்புல பரிந்துரை வராது, வெறுமையா இருக்கும். வகுப்பு வீடியோக்களை முன்கூட்டியே ஒரு பிளேலிஸ்ட்ல போட்டு வச்சு நேரா அங்க போங்க. ஆட்டோபிளேயையும் நிறுத்துங்க. வீடியோவுக்குக் கீழ வர்ற பரிந்துரைகள் அப்பவும் இருக்கும், அதுக்கு வழி முழுத்திரைதான்.

மத்த ஆப்களுக்கு ஆண்ட்ராய்டு டிஜிட்டல் வெல்பீயிங்ல ஃபோகஸ் மோட் இருக்கு. வாட்ஸ்ஆப், டெலிகிராம், இன்ஸ்டாகிராமை அதுல சேர்த்து 7 முதல் 9:30 வரை தானா ஓடற மாதிரி நேரம் குடுங்க. ஐகான் மங்கிடும், அறிவிப்பும் வராது. அதுலயே 'கொஞ்சம் இடைவேளை'ன்னு 5, 15, 30 நிமிஷம் விடும். அந்த ஓட்டையை அமைப்பால அடைக்க முடியாது, ஃபோனை அடுத்த அறையில வச்சாத்தான் அடைபடும். ஃபோன் பக்கத்துல இருந்தாலே கவனம் குறையும்னு 2017ல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. பிறகு வந்த ஆய்வு எல்லாத்துலயும் அதே முடிவு வரலை. அது எப்படியோ போகட்டும், எழுந்து பத்தடி நடந்தாத்தான் கையில கிடைக்கும்ங்கறதே நல்ல தடை.

ஒலிச்சுவர்:
சத்தத்துக்கு மட்டும் சொல்கிறேன். இரைச்சல் குறைக்கும் ஹெட்ஃபோன் ஃபேன், ஏசி, பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சுருதி ஒலியை நன்றாக அடக்கும். பேச்சுக் குரலும் குக்கர் விசிலும் அப்படி அடங்காது. சொல்லப்போனால், பின்னணி இரைச்சல் போனதும் சீரியல் வசனம் இன்னும் தெளிவாகக் கேட்கும். உங்கள் பிரச்சினைக்கு அது சரியான கருவி இல்லை.

முதலில் டிவியிடம் போங்கள். தட்டை டிவிகள் பலவற்றில் ஸ்பீக்கர் பின்பக்கமோ கீழ்ப்பக்கமோதான் இருக்கும். உங்கள் அறைச் சுவரிலேயே அதை மாட்டியிருந்தால் சுவரும் சேர்ந்து அதிரும். எதிர்ச்சுவருக்கு மாற்ற முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியாவிட்டால், அம்மா உட்காரும் நாற்காலிக்கு அருகில் ஒரு சிறிய ஸ்பீக்கரை வையுங்கள். டிவியில் ப்ளூடூத் இருந்தால் அதில் இணைக்கலாம், இல்லையென்றால் 3.5 மி.மீ. ஒயர். காதுக்கு மூன்றடியில் ஒலி வந்தால் வால்யூமைப் பாதியாகக் குறைத்தாலும் அவருக்குக் கேட்கும். வயதானவர்கள் சத்தத்தைக் கூட்டுவது பெரும்பாலும் வசனம் புரியாததால்தான். ஒலி அமைப்பில் ஸ்பீச் அல்லது கிளியர் வாய்ஸ் என்று இருந்தால் அதைப் போட்டு, பாஸை (bass, 'தும் தும்' என்ற அடித்தொனி) குறையுங்கள். சுவரைத் தாண்டி வருவது முக்கியமாக அந்த பாஸ்தான்.

அடுத்தது கதவு. அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தாலும் அதன் வழியாகப் பேச்சு முழுதாக உள்ளே வரும். கதவின் இரண்டு பக்கமும் ஃபோம் உருளை வரும் அடிப்பட்டை கடைகளில் கிடைக்கிறது. கதவு அகலத்துக்குக் கத்தரியால் வெட்டிக் கீழே செருகினால் போதும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வீண், திரைச்சீலையும் அப்படித்தான். அவை அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், வெளிச்சத்தத்தைத் தடுக்காது.

மிச்சத்துக்கு ஃபோம் காதடைப்பான். பெரும்பாலோர் அதைத் தப்பாக வைக்கிறார்கள், பிறகு பயனில்லை என்கிறார்கள். சுத்தமான கையால் மெல்லிய குச்சி போல உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி 30 விநாடி விரலால் பிடியுங்கள். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சரியாக இறங்கவில்லை. காதில் சீழோ வலியோ இருப்பவர்கள் வைக்கக் கூடாது. அதற்கு மேல் ஒரு டேபிள் ஃபேனைப் பக்கத்தில் ஓட விடுங்கள், வசனம் அந்த இரைச்சலில் கரைந்துவிடும். மழைச் சத்தம் போடுகிறேன் என்று ஃபோனைத் திரும்ப மேஜைக்குக் கொண்டுவராதீர்கள்.

ஆடி மாத ஒலிபெருக்கிக்கு இதெல்லாம் போதாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு 12 வரை அரசு விலக்கு தரலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. மீறினால் 100க்கு அழைக்கலாம். ஆனால் தெருக்கோயில் என்றால் முதலில் விழாக் கமிட்டியிடம் நேரில் பேசி, உங்கள் பக்கம் பார்த்த குழாயைத் திருப்பச் சொல்வதுதான் சீக்கிரம் பலிக்கும்.

கரும்பலகை:
'ஆ' வகைக்கு வருவோம். இதில் பாதி, ஆளே தேவைப்படாத வேலை. மோட்டாருக்குத் தொட்டியில் ஃப்ளோட் சுவிட்சும் தானியங்கிக் கட்டுப்பாடும் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுங்கள், தொட்டி நிரம்பியதும் தானாக நிற்கும். சிலிண்டர் புக் செய்ததும் வரும் டெலிவரி குறியீட்டைத் தாளில் எழுதி வாசல் பக்கம் ஒட்டினால், வீட்டில் யார் வேண்டுமானாலும் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பார்சல் பணத்தையும் முன்பே கட்டிவிடுங்கள்.

மீதிக்கு, "தொந்தரவு பண்ணாதீங்க" என்று சொல்வது எந்த வீட்டிலும் நாலு நாளுக்கு மேல் தாங்காது. எப்போது வருவீர்கள் என்று தெரிந்தால் காத்திருப்பார்கள். 11 மணிக்கும் 4 மணிக்கும் 15 நிமிடம் கதவு திறந்திருக்கும், அவசரமில்லாத எல்லாம் அப்போது. அந்த இரண்டு வேளையும் தவறாமல் வெளியே வர வேண்டும், ஒரு நாள் தவறினால் மறுநாள் 10:20க்கே கதவைத் தட்டுவார்கள். சின்னப் பையனுக்கு மணி புரியாது. முள் கடிகாரத்தில் பெரிய முள் வர வேண்டிய இடத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

படிப்பு நேரத்தைப் பற்றி ஒன்று. 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமோடோரோ முறையைப் பலர் சொல்வார்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980களின் இறுதியில் வகுத்தது. தமிழ், பொது அறிவுத் திருப்புதலுக்குச் சரி. திறனறிவுக் கணக்குக்கு எனக்கு உடன்பாடில்லை: ஒரு வகைக் கணக்கு பிடிபடும் நேரத்தில் மணி அடித்துக் கலைத்துவிடும். அதற்கு 45 முதல் 50 நிமிடம், ஒரே தலைப்பில் 20 கணக்கு. ஓய்வில் ஃபோன் கிடையாது. தண்ணீர், மொட்டை மாடி, அவ்வளவுதான். 5 நிமிட ரீல்ஸ் 5 நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

உங்கள் தாளில் விடுபடக்கூடிய ஐந்தாவது வகையும் உண்டு: ஆபீஸ் வேலை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருப்பது. முடிக்காத வேலையின் மிச்சம் அடுத்த வேலையின் கவனத்தைத் தின்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். 6:30க்கு லேப்டாப்பை மூடும் முன், பாதியில் நிற்பது எது, நாளைக் காலை முதல் படி எது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். படிப்பின் நடுவே எழ நேர்ந்தாலும் இதே வழிதான். பக்க ஓரத்தில் "அடுத்து: கூட்டுவட்டி, 7ஆம் கணக்கு" என்று பென்சிலால் குறித்துவிட்டு எழுங்கள், திரும்பி வந்து எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

மாதிரித் தேர்வை மட்டும் வீட்டில் எழுதாதீர்கள். 200 கேள்வி, 3 மணி நேரம் இடையூறில்லாமல் வீட்டில் கிடைக்காது. நத்தம் சாலையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, வாரம் ஒரு நாள் போய் எழுதுங்கள்.

வைகைக்கரை:
நன்றி. ஹெட்ஃபோன் யோசனையைக் கைவிட்டாயிற்று. ஒரே சந்தேகம்: ஃபோனை ஹாலில் வைத்தால், இரவு எப்போதாவது வரும் டீம் லீட் அழைப்பு தவறிவிடுமே?

தாழ்ப்பாள்:
டூ நாட் டிஸ்டர்ப் போட்டு, அழைப்புகள்ல நட்சத்திரமிட்ட தொடர்புகளை மட்டும் அனுமதிங்க. அவர் எண்ணுக்கும் வீட்டாள் எண்களுக்கும் நட்சத்திரம் போடுங்க. கூடவே 'ரிபீட் காலர்ஸ்' ஆன் பண்ணுங்க, அப்ப ஒரே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும். ரிங் வால்யூம் முழுசா இருக்கணும். அவர் வாட்ஸ்ஆப் கால்ல வர்ற ஆளா இருந்தா இது வேலை செய்யாது, ஃபோகஸ் மோட் அதைத் தடுத்துடும். 7 மணிக்கு மேல சாதா கால் பண்ணச் சொல்லிடுங்க.