அமெரிக்க 'தி ஆபிஸ்' பார்த்தவர்களுக்கு பிரிட்டிஷ் மூலத் தொடர் பிடிக்கவில்லை, உதவுங்கள்

வணக்கம். லண்டன் ஹாரோவில் வார இறுதியில் நண்பர்கள் கூடி நகைச்சுவைத் தொடர்கள் பார்க்கிறோம். எல்லோரும் அமெரிக்க 'தி ஆபிஸ்' (2005–2013) ரசிகர்கள். பிபிசியின் மூலத்தை (2001–2003) போட்டால் இரண்டாம் எபிசோடிலேயே எழுந்துவிடுகிறார்கள்.

முதல் எபிசோடுகள் இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினேன். கதை ஏறக்குறைய ஒன்றுதான். சக ஊழியரின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் வைக்கும் குறும்பு இரண்டிலும் உண்டு. பிரிட்டிஷ் மூலத்தில் மேலாளர் டேவிட் பிரென்ட் விளையாட்டாக வரவேற்பாளர் டானை வேலையை விட்டு நீக்குவதுபோல் நடித்து, அவள் அழத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். கேமரா அங்கிருந்து நகரவே நகராது. யாரும் சிரிக்கவில்லை. எனக்கோ அதுதான் தொடரின் உச்சம்! அப்புறம் சப்டைட்டில் போட்டுப் பார்த்தேன், 2003 கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடுகளைச் சொல்லி ஆசை காட்டினேன். பலனில்லை. உச்சரிப்பு புரிகிறதாம், பிரென்ட்டைத்தான் சகிக்க முடியவில்லையாம்.

'ஃபால்டி டவர்ஸ்' யோசித்தேன். ஆனால் அதன் அமெரிக்க மறுஆக்கமான 'அமாண்டாஸ்' (1983) மூலத்தின் நாயகனான ஹோட்டல்காரர் பேசில் பாத்திரத்தையே எடுத்துவிட்டது. ஒப்பிட என்ன இருக்கிறது? 'ஸ்டெப்டோ அண்ட் சன்' (1962), அதிலிருந்து வந்த 'சான்ஃபோர்ட் அண்ட் சன்' (1972) ஜோடி நல்லது. ஆனால் 'ஸ்டெப்டோ'வின் தொடக்க எபிசோடுகள் கறுப்பு வெள்ளை, அதற்கு இவர்கள் உட்காருவார்களா தெரியவில்லை.

மறுஆக்கத்தை முதலில் பார்த்துப் பழகியவர்களுக்கு மூலத்தைப் பிடிக்க வைத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்த ஜோடியில், எந்த எபிசோடிலிருந்து தொடங்கினீர்கள்?