ஹாம்பர்க்கிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரம் வரை: பெற்றோரோடு காரில் கிளம்பும் புதியவர்களுக்கு

ஏப்ரல் முதல் வாரத்தில் ஹாம்பர்க் வந்து சேர்ந்த ஒரு குடும்பம் கேட்டிருக்கிறது. ஆகஸ்டில் மதுரையிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். ஐந்து வயதில் ஒரு பெண் குழந்தை. வாடகைக்குக் கார் எடுத்துத் தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்து ஊரான ஃபூசன் வரை போய் நொய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையைக் காட்டிவிட்டு, வார இறுதிக்குள் திரும்பிவிட முடியுமா என்பது கேள்வி.

அவசியம் போங்கள். ஆனால் வார இறுதியில் வேண்டாம். ஐந்து நாள் ஒதுக்குங்கள். ஹாம்பர்க்கிலிருந்து ஃபூசன் 800 கி.மீ.க்கு மேல். கைபேசி வரைபடம் காட்டும் நேரம் காருக்கு மட்டும்தான் பொருந்தும். அறுபத்தைந்து வயது முழங்காலுக்கும், வேளைக்கு மாத்திரை போட வேண்டிய உடம்புக்கும், பின்சீட்டுக் குழந்தைக்கும் பொருந்தாது. ஒரு நாளைக்கு 300, மிஞ்சிப் போனால் 350 கி.மீ. என்பது பல பயணங்களில் நான் கண்டு வைத்திருக்கும் அளவு.

வழியைப் பேசுவதற்கு முன் உரிமம். இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். இலங்கை உரிமத்துக்கும் இதே கணக்கு. அதோடு ஜெர்மன் மொழிபெயர்ப்போ, ஊரிலேயே வாங்கி வந்த சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கையில் இருக்க வேண்டும். நீங்கள் ஏப்ரலில் வந்திருக்கிறீர்கள், ஆகஸ்டில் ஓட்டலாம். அக்டோபர் முதல் வாரத்தோடு அந்த உரிமை முடிந்துவிடும். அதன் பிறகு ஓட்டினால் இங்கே அது உரிமமின்றி ஓட்டிய குற்றம், வழக்கே வரும். எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டிலும் தேறித்தான் ஜெர்மன் உரிமம் பெற முடியும். பயணம் முடிந்து வந்ததும் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்துவிடுங்கள். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம்.

அப்பா ஊரில் முப்பது ஆண்டு வண்டி ஓட்டியவராக இருக்கலாம். இருந்தாலும் இந்தப் பயணத்தில் அவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு கைகொடுக்காது.

வண்டி எடுக்கும்போது கடன் அட்டை ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். முதல் ஆண்டில் என் மனைவியின் அட்டையை நீட்டி, பெட்டிகளோடும் குழந்தைகளோடும் ஒரு வாடகை நிலையத்தின் வாசலில் நின்றேன். பணம் இருந்தும் வண்டி கிடைக்கவில்லை. டெபிட் அட்டையையும் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள். குறைந்த வாடகை வண்டிகளில் கியர் வண்டிகளே அதிகம். வலது கையால் கியர் மாற்றுவது புதிது என்றால், சில யூரோ கூடினாலும் ஆட்டோமேட்டிக் என்று சொல்லியே பதிவு செய்யுங்கள். முழுக் காப்பீட்டில் ‘செல்ப்ஸ்ட்பெட்டைலிகுங்’ என்று ஒரு தொகை குறித்திருக்கும். சேதம் வந்தால் நம் கையிலிருந்து போகும் பணம் அது. அது சுழியமாக இருக்கும் திட்டமே புதிதாக ஓட்டுபவருக்கு நிம்மதி. முக்கோணப் பலகை, முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை மேலங்கி மூன்றும் வண்டியில் இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் திறந்து பாருங்கள். குழந்தைக்கு இருக்கை கட்டாயம். 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை.

இனி ஆட்டோபான், அதாவது ஜெர்மன் நெடுஞ்சாலை. காருக்குச் சுங்கம் கிடையாது. பல பகுதிகளில் வேக வரம்பும் கிடையாது. மணிக்கு 130 கி.மீ. என்பது பரிந்துரை மட்டும். ஊரில் எல்லோரும் இந்த வேகத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். இங்கே வந்து ஓட்டினால் தெரியும், வேகத்தைவிடக் கண்ணாடிதான் முக்கியம். லாரியை முந்த இடப்பக்கத் தடத்துக்கு மாறுமுன் பின்னால் பாருங்கள். ஒரு புள்ளியாகத் தெரியும் வெளிச்சம் 200 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கலாம், சில விநாடிகளில் அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முந்தி முடித்ததும் வலத்துக்குத் திரும்பிவிடுங்கள். வலப்பக்கமாக முந்துவது தடை. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே, உங்கள் வேகத்தில் பாதி அளவு மீட்டர் இடைவெளி விடுங்கள்: 120 கி.மீ. வேகம் என்றால் 60 மீட்டர்.

முகப்பு விளக்கைச் சிமிட்டுவதற்கு ஊரில் ‘நான் வருகிறேன், நில்’ என்று பொருள். இங்கே நகரத் தெருவில் எதிரே வருபவர் சிமிட்டினால், பெரும்பாலும் ‘நீங்கள் போங்கள்’ என்று வழிவிடுகிறார். இந்த ஒன்றைப் பழக்கத்தில் மாற்றிக்கொள்ள எனக்குப் பல மாதம் ஆயிற்று.

நெரிசலில் வண்டிகள் ஊர்ந்தாலோ நின்றாலோ, ஆம்புலன்சுக்கு வழிவிட வேண்டும். இதன் பெயர் ‘ரெட்டுங்ஸ்காஸ’. இடது ஓரத் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும், மற்ற எல்லோரும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். சைரன் கேட்ட பிறகு அல்ல. வேகம் குறையத் தொடங்கும்போதே. காசல் நகருக்குத் தெற்கே ஒரு மாலை நான் இதை முதன்முதலாகக் கண்டேன். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. கண்ணுக்கு எட்டியவரை கார்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றன. நடுவே திறந்த வழியில் இரண்டு ஆம்புலன்சுகள் வேகம் குறையாமல் போயின. முன்னே எங்கோ ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். முகம் தெரியாத அவருக்காக அத்தனை பேரும் ஒதுங்கியிருந்தார்கள். இந்த நாட்டின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த மாலையில்தான். வழிவிடாதவருக்கு 200 யூரோவிலிருந்து அபராதம், உரிமக் கணக்கில் இரண்டு தண்டனைப் புள்ளிகள், ஒரு மாத ஓட்டுத் தடை. ஆனால் தண்டனைக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பெண்ணுக்கும் அதைக் காட்டிச் சொல்லுங்கள்.

சாலைப் பணி நடக்கும் இடங்களில் இடது தடம் ஒடுங்கிவிடும். இரண்டு மீட்டர், 2.1 மீட்டர் என்று பலகையில் அகலம் போட்டிருக்கும். பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்த அகலம் அது. வண்டிப் பத்திரத்தில் இருப்பதோ கண்ணாடி இல்லாத அகலம். ஐந்து பேருக்கென்று பெரிய வண்டி எடுத்திருந்தால் பேசாமல் வலத்திலேயே போங்கள். ஆட்டோபானை விட்டு இறங்கி ஊருக்குள் நுழையும்போது, ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் பலகை வந்த அந்த இடத்திலிருந்தே வரம்பு 50 கி.மீ. வேறு பலகை வரும் என்று காத்திருந்தால் கேமரா மின்னிவிடும்.

வண்டி நிறுத்துமிடத்தில் இன்னொரு காரை லேசாக உரசிவிட்டால், அங்கிருந்து நகரவே கூடாது. கண்ணாடித் துடைப்பானில் தொலைபேசி எண்ணை எழுதிச் செருகிவிட்டு வருவது போதாது. உரியவருக்காகக் காத்திருங்கள், வராவிட்டால் 110-க்கு அழைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு நல்ல மனிதர், ஒளிவு மறைவில்லாமல் பெயரும் எண்ணும் எழுதி வைத்துவிட்டு வந்தார். விபத்து இடத்திலிருந்து தப்பியோடியதாக அவருக்குக் கடிதம் வந்தது. கீறலுக்குக் காப்பீடு பணம் கொடுத்துவிடும். தப்பியோடியது குற்ற வழக்கு. வழிநெடுக உதவும் எண் 112. ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் அதுதான்.

இப்போது வழி. ஏ7 என்ற நெடுஞ்சாலை டென்மார்க் எல்லையில் ஃபிளென்ஸ்புர்க் அருகே தொடங்கி ஃபூசன் வரை 962 கி.மீ. நீள்கிறது, ஜெர்மனியிலேயே நீளமானது. நீங்கள் அதில் நேராக இறங்க நினைக்கிறீர்கள். நான் சொல்வது, முதல் நாள் ஏ1-இல் தென்மேற்காகப் போய், காமன் சந்திப்பில் ஏ2-க்கு மாறி, ஹம் நகரின் ஊன்ட்ரோப் பகுதிக்குப் போங்கள். சுமார் 350 கி.மீ. தொழிற்பேட்டைக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று கோபுரம் தெரியும். ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்த தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் அது. 2002-இல் குடமுழுக்கு நடந்தது. நடை திறக்கும் நேரத்தை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மதுரைக்காரர்களுக்குக் கோபுரம் புதிதல்ல. ஆனால் வெஸ்ட்ஃபாலியா வயல்களுக்கு அருகே ஒரு கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால் உங்கள் அம்மாவின் மனம் ஆறும், மகனும் மருமகளும் தனியாக இல்லை என்று.

இரண்டாம் நாள் ஏ44 வழியாகக் காசல். அங்கே வில்ஹெல்ம்ஸ்ஹோஹ மலைப் பூங்காவில், உச்சியிலிருக்கும் ஹெர்குலிஸ் சிலையின் அடியிலிருந்து படிப்படியாகத் தண்ணீர் இறங்கி வரும். மே 1 முதல் அக்டோபர் 3 வரை புதன், ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், பிற்பகலில். அதனால் செவ்வாயில் கிளம்பினால் புதனன்று அங்கே இருக்கலாம்.  இரவு வூர்ட்ஸ்புர்க்கில் தங்குங்கள். நடுவே காசல் மலைப்பகுதியில் ஏ7 ஏறி இறங்கிக்கொண்டே போகும். ஏற்றத்தில் லாரிகள் ஊர்ந்து போகும், அவசரப்பட்டு முந்தாதீர்கள்.

வூர்ட்ஸ்புர்க்கில் ஆட்டோபானை விட்டுவிடுங்கள். அங்கிருந்து ஃபூசன் வரை ‘ரொமான்டிஷ ஸ்ட்ராச’ என்ற பழைய ஊர்வழிச் சாலைத் தொடர் உண்டு, 460 கி.மீ. அளவுக்கு. மூன்றாம், நான்காம் நாட்களை அதற்குக் கொடுங்கள். நெடுஞ்சாலையில் சத்தத் தடுப்புச் சுவரும் லாரியின் முதுகும்தான் பெற்றோருக்குக் காணக் கிடைக்கும். இந்தச் சாலையில் ரோத்தன்புர்க், டிங்கல்ஸ்ப்யூல் என்று மதில் சூழ்ந்த ஊர்கள் வரும். நோர்ட்லிங்கன் விண்கல் விழுந்த பள்ளத்தில் அமைந்த ஊர். மதில் மேலேயே ஊரை முழுவதும் சுற்றி வரலாம். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் இரண்டு ஊரைத் தேர்ந்தெடுத்து நிதானமாக நடங்கள்.

கழிப்பறை விஷயத்தைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தண்ணீரே குடிக்காமல் வந்துவிடுவார்கள். ஒன்றரை மணிக்கு ஒருமுறை நீங்களே நிறுத்துங்கள். நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கட்டணம் உண்டு, கையில் சில்லறை வைத்திருங்கள். அங்கே பெட்ரோல் விலையும் கூடுதல். இறங்கி ஊர்ப்பக்கம் போட்டால் மிச்சம். மர மேசைகள் போட்ட சாதாரண நிறுத்தங்களில் கட்டுச்சோற்றைப் பிரித்து எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். புளியோதரை இரண்டு நாள் தாங்கும்.

ஐந்தாம் நாள் கோட்டை. நுழைவுச்சீட்டு நேரம் குறித்தது, வாரங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரை மணிக்கு மேல் ஏற்றம். அப்பாவுக்கு முடியாவிட்டால் கீழே ஏரிக்கரையில் உட்கார இடம் இருக்கிறது, அங்கிருந்தும் கோட்டைகள் தெரியும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவை எட்டிப் பார்க்கும் எண்ணம் வந்தால், எல்லோருடைய அசல் கடவுச்சீட்டும் உங்கள் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது சோதிக்கலாம்.

வந்த வழியே 800 கி.மீ. திரும்ப ஓட்டாதீர்கள். ஃபூசனிலிருந்து மியூனிக் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வண்டியை அங்கேயே ஒப்படைக்கும்படி முதலிலேயே பதிவு செய்துவிட்டு, ஹாம்பர்க்குக்கு விரைவு ரயிலில் ஏறுங்கள். ஆறு மணி நேரம். இருக்கைகளையும் பணம் கட்டி முன்பதிவு செய்துவிடுங்கள். நடுவில் மேசை போட்ட நான்கு இருக்கைகளும் பக்கத்தில் ஒன்றும் என்று கேட்டால் பாட்டியும் பேத்தியும் எதிரெதிரே உட்காரலாம்.